பத்தாம் வகுப்பின் ஒட்டாவா பயணம்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

ஸ்காபரோவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் வசந்தம் வந்தால் ஒரு பேச்சு எழும். குடிமையியல் பாடத்தை ஒட்டிப் பள்ளி ஏற்பாடு செய்கிற ஒட்டாவா பயணத்துக்குப் பிள்ளையை அனுப்புவதா, வேண்டாமா? பெற்றோர் தரப்பில் துணைக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அனுப்புங்கள். நிகழ்ச்சி நிரலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தவை பல சுமார்தான். நேரத்தை நிரப்புவதற்காக ஒப்புக்குச் சேர்த்த ஒன்றுதான் பயணத்தையே தூக்கி நிறுத்தியது. நடத்தியவர்களுக்கு அது இன்னும் விளங்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

நடத்தியது மாணவர் சுற்றுலாவையே தொழிலாகக் கொண்ட ஒரு தனியார் நிறுவனம். பெயர் வேண்டாம். பயணத்தின் கருப்பொருள், பூர்வகுடி மக்களுடன் நல்லிணக்கமும் அவர்களுக்கும் அரசுக்கும் இடையிலான உறவும். மூன்று நாள், இரண்டு இரவு, பிள்ளைக்கு அறுநூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. நான் ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள். எந்த விலைப்பட்டியலைக் கண்டாலும் மனம் தானாகவே கூட்டிக் கழிக்கத் தொடங்கிவிடும். பாராளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கும் இல்லை. ஆகவே காசில் பெரும்பங்கு பஸ்ஸுக்கும் ஹோட்டலுக்கும்தான் போயிருக்க வேண்டும். மே மாதம் டியூலிப் விழாக் காலம், ஒட்டாவாவில் அறை வாடகை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கும். அதை வைத்துப் பார்த்தால் கட்டணம் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். அறைக்கு நான்கு பிள்ளைகள், இரவில் தாழ்வாரத்தில் காவலுக்கு ஓர் ஆள், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. சாப்பாடு ஓர் இரவு பீட்சா, மறு இரவு பாஸ்தா. சைவப் பிள்ளைகளுக்கு இரண்டு இரவும் சீஸ்தான் கதி.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிற பலருக்கும் அதே கேள்வி இருக்கும். "அக்கா, எங்களுக்கே ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்ட மன்னிப்பைப் படிக்க எங்கள் பிள்ளைகள் ஏன் காசு கட்ட வேண்டும்?" என்று ஒரு தம்பி எழுதினார். நான்கைந்து பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆணைக்குழு என்றாலே கசப்பாகச் சிரித்துப் பழகியவர்கள் நாங்கள். இலங்கையில் எத்தனை ஆணைக்குழு, எத்தனை அறிக்கை!

ஆனால் கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அரசாங்கம் மனமிரங்கி அமைத்த ஒன்று இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களில் இருந்து பிரித்து, அரசும் திருச்சபைகளும் நடத்திய தங்கிப் படிக்கும் பள்ளிகளே வதிவிடப் பாடசாலைகள். அவற்றில் இருந்து உயிர் தப்பி வளர்ந்தவர்கள் அரசின் மீதும் திருச்சபைகளின் மீதும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குகளுக்கு 2006-இல் எட்டிய தீர்வு உடன்பாட்டில் ஒரு நிபந்தனையாகவே ஆணைக்குழு வந்தது. அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவரான நீதிபதி மரே சின்க்ளேர் தலைமையில் அது 6,500-க்கும் மேற்பட்டவர்களின் சாட்சியங்களைக் கேட்டு, 2015-இல் 94 நடவடிக்கை அழைப்புகளை முன்வைத்தது. 62-ஆவது அழைப்பு, இந்த வரலாற்றை எல்லா வகுப்புகளிலும் கட்டாயப் பாடமாக்கச் சொல்கிறது. பள்ளிகள் இப்படிப் பயணம் கிளம்புவதற்குப் பின்னால் அந்த அழைப்பு இருக்கிறது. 94-ஆவது அழைப்போ நேராக எங்களைப் போன்று வந்து குடியேறியவர்களைப் பற்றியது. குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிகளின் ஒப்பந்தங்களையும் சேர்க்க வேண்டும் என்றது. 2021-இல் சட்டமும் ஆகிவிட்டது. நான் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்த காலத்தில் மகாராணியார் மட்டும்தான். பிறகு வந்த என் மைத்துனி பூர்வகுடிகளின் உரிமைகளையும் மதிப்பதாகச் சொல்லித்தான் கனடியர் ஆனாள். தம்பிக்கு இதைத்தான் பதிலாக எழுதினேன். அவர் பதில் போடவில்லை, மகளின் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

ரொறன்ரோவில் இருந்து ஒட்டாவா ஏறத்தாழ 450 கிலோமீட்டர். நடுவில் நிறுத்தம் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார வேண்டும். கிளம்பியதும் ஆசிரியை ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ரொறன்ரோ நகரத்தின் பெரும்பகுதி மிசிசாகா மக்களிடம் இருந்து வாங்கப்பட்ட கதை. 1787-இல் நடந்த பேரம் பிழையாகப் போய், 1805-இல் மறுபடியும் எழுதப்பட்டது. அப்போது கைமாறிய பணம் 10 ஷில்லிங். மிசிசாகா மக்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்து, 2010-இல் 145 மில்லியன் டாலருக்கு அந்தக் கோரிக்கை தீர்ந்தது. பின் இருக்கைப் பையன் ஒருவன், "எங்கள் வீட்டுக்கு அப்பா மாதாமாதம் கட்டுகிற கடனே அந்தப் பத்து ஷில்லிங்கைவிட அதிகம்" என்று சத்தமாகக் கணக்குப் போட்டான். பஸ்ஸே சிரித்தது. நல்ல தொடக்கம்.

அந்தத் தொடக்கத்தை நிறுவனத்தின் வழிகாட்டி இளைஞர் பத்தே நிமிடத்தில் கெடுத்தார். மேலே தொங்கிய திரையில் ஒரு சாகசப் படத்தைப் போட்டுவிட்டார். பெல்வில் நகரைத் தாண்டினால் 401 நெடுஞ்சாலை டையண்டினாகா மோஹாக் மக்களின் பகுதியை ஒட்டிப் போகிறது. அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டு, சொந்த நிலத்தை இழந்து வந்த மோஹாக் மக்களுக்கு 1793-இல் எழுதிக் கொடுத்த நிலம் அது. அதிலும் பெரும்பகுதி பின்னர் கைவிட்டுப் போனது. 2020 பிப்ரவரியில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் எரிவாயுக் குழாய் போடுவதை எதிர்த்த வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்களுக்கு ஆதரவாக, இங்கேதான் தண்டவாளத்தின் ஓரம் உட்கார்ந்து ரயிலை மறித்தார்கள். ரொறன்ரோவுக்கும் ஒட்டாவாவுக்கும் இடையே இரண்டு வாரத்துக்கு மேல் ரயில் ஓடவில்லை. அரசுடனான உறவு என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வழியில் கிடைக்காது. பஸ்ஸை நிறுத்தக்கூட வேண்டாம், ஒலிவாங்கியை எடுத்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரையில் யாரோ யாரையோ கட்டடத்தின் மேலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது, ஆற்றுக்கு அப்பால் கட்டினோவில் உள்ள கனடிய வரலாற்று அருங்காட்சியகம். 1989-இல் திறந்த கட்டடம். எங்கும் நேர்கோடே இல்லாமல் வளைந்து வளைந்து போகும். வடிவமைத்தவர் டக்ளஸ் கார்டினல், சிறு வயதில் வதிவிடப் பாடசாலையில் படித்தவர். பெரிய மண்டபத்தில் பசிபிக் கரையோர மக்களின் மரத்தூண்கள் கூரைவரை நிற்கின்றன. அவற்றுக்கு எதிரே முழுச் சுவரும் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே ஆறு, ஆற்றுக்கு அந்தக் கரையில் பாராளுமன்றக் குன்று. தூண்களுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நின்றால் நல்ல ஆசிரியர் ஒருவருக்கு ஒரு மணி நேரப் பாடம் காத்திருக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு வினாத்தாள். எந்தத் தூணில் எந்தப் பறவை, எந்தக் கண்ணாடிப் பெட்டியில் எத்தனை முகமூடி என்று இருபதுக்கும் மேல் கேள்விகள், முதலில் முடிக்கிற குழுவுக்குப் பரிசு. பென்சிலும் கையுமாக ஓடினார்கள். விடையை எழுதிய மறுகணம் அந்தப் பொருளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஓட்டம் நின்றது. மண்டபத்தின் கோடியில், ஏழு மாடி உயரத்தில், குவிந்த கூரை முழுவதும் அலெக்ஸ் ஜான்வியே 1993-இல் வரைந்த "விடிவெள்ளி" ஓவியம் இருக்கிறது. ஜான்வியேயும் சிறு வயதிலேயே வதிவிடப் பாடசாலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த ஒரு பெண் பிள்ளை, தரையில் மல்லாந்து படுத்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வரிசையாக ஏழெட்டுப் பேர், வினாத்தாள் முகத்தின் மேலே வெயிலுக்குப் பிடித்ததுபோல. ஒரு கால்பகுதியில் நிறங்கள் வெளிறிப் போவதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அது ஏன் என்று ஆசிரியை சொல்லத் தொடங்கும்போது வழிகாட்டி, "நேரம் ஆகிறது" என்று கையைத் தட்டினார்.

அன்று மாலை ஹோட்டல் கூட்ட அறையில் போர்வைப் பயிற்சி. கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், 1990-களின் பிற்பகுதியில் இருந்து கனடாவெங்கும் நடத்தப்படுகிற முறை இது. தரை முழுவதும் போர்வைகளை விரிக்கிறார்கள். அதுதான் நிலம். எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு அதன் மேல் இஷ்டம்போல் நடக்க வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேசலாம், கை குலுக்கலாம். நடத்தியவர் அனிஷினாபே மூதாட்டி ஒருவர். குரல் உயர்த்தாதவர், ஆனால் எதிரில் இருப்பவரைப் பேசவிடாமல் நிறுத்திவிடுகிற பார்வை. அவர் காலவரிசையில் சட்டங்களையும் சம்பவங்களையும் வாசித்துக்கொண்டே போக, அவருடன் வந்த இளைஞர் போர்வைகளை ஓரங்களில் இருந்து மடித்துக்கொண்டே வருவார். மடித்த பகுதியில் கால் வைக்கக் கூடாது.

தொடக்கத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருந்தது. நோய் வந்து இறந்தவர்கள் என்று முன்பே கையில் கொடுத்திருந்த நிற அட்டைகளை வைத்துச் சிலரை வெளியே அனுப்பினார், சிரித்துக்கொண்டே போனார்கள். பூர்வகுடிகளை அந்நாளில் அழைத்த பெயரிலேயே 1876-இன் இந்தியர் சட்டம் வந்தது. தங்கள் சடங்குகளை நடத்தினால் குற்றம் என்ற தடை வந்தது. அது 1951 வரை இருந்தது. நிலத்துக்காக வழக்குப் போடப் பணம் திரட்டுவதே 1927 முதல் குற்றம் என்று அவர் வாசித்தபோது, பக்கத்தில் நின்ற பையன், "அப்படியென்றால் வக்கீலையே வைக்க முடியாதா, அன்ரி?" என்று என்னிடம் கேட்டான். முடியாது, அந்தத் தடையும் 1951 வரை நீங்கவில்லை. அதற்குள் எங்கள் இருவரின் காலடியிலும் போர்வை கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. ஆறடி உயரக் கால்பந்துக்காரன் அவன். ஒற்றைக் காலில் நின்று, என் கம்பளிச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டான். "விழுந்தால் என்ன ஆகும்?" என்று கிசுகிசுத்தான்.

பிறகு வதிவிடப் பாடசாலை. குறிப்பிட்ட அட்டை வைத்திருந்த பிள்ளைகளை, என் மகன் உட்பட, அறையின் மூலையில் தனிப் போர்வைக்கு அழைத்துப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களைத் திரும்ப வரச் சொல்லிவிட்டு, போர்வையில் நிற்கும் எங்களை முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார் மூதாட்டி. மொழியும் உறவும் அற்றுப்போய் வந்தவர்களுக்கு ஊரில் பலசமயம் கிடைத்த வரவேற்பு அதுதான் என்றார். நான் திரும்பினேன். பின்னால் மகனின் காலுறைச் சத்தம் வந்து நின்றது. பயிற்சிதான், நாடகம்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த அரை நிமிடத்தை நான் எளிதாகக் கடக்கவில்லை.

முடிவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கையில் ஒரு கல்லை மாற்றி மாற்றி வாங்கிப் பேசினோம். வட்டத்தில் பேசியது வட்டத்தோடு என்பது விதி, ஆகவே எழுத மாட்டேன். கல் பாதி வட்டம்கூட வராதபோதே வழிகாட்டி கதவைத் திறந்து கடிகாரத்தைக் காட்டினார். நீச்சல் குளத்துக்கு ஒதுக்கிய நேரமாம். மூதாட்டி அவரைப் பார்த்த பார்வையில் கதவு மூடிக்கொண்டது. பேசாமல் மிச்சமிருந்தவர்களுக்காக அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். இந்த நிகழ்ச்சிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. அதைத் திட்டத்தில் செருகிய விதத்துக்கு இரண்டு.

இரண்டாம் நாள் அரசாங்கத்தின் நாள். பாராளுமன்றத்தின் நடுக் கட்டடம் பெரும் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடக்கிறது, மக்கள் சபை இப்போது மேற்குக் கட்டடத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே கூடுகிறது. விமான நிலையம்போலச் சோதனை, பிறகு சுற்று. உள்ளே விளக்கம் சொன்ன பெண் தெளிவாகப் பேசினார். செங்கோல், பச்சைக் கம்பளம், சபாநாயகர் எல்லாம் பிள்ளைகளுக்குப் புரிந்தன. கேள்வி நேரத்தைப் பார்வையாளர் மாடத்தில் இருந்து பார்த்ததும் அவர்களுக்கு ஒரே குதூகலம். வகுப்பில் இப்படிக் கத்தினால் மிஸ் வெளியே அனுப்பிவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள்.

குறை அங்கே இல்லை. முதல் நாள் கேட்டதற்கும் இங்கே பார்ப்பதற்கும் என்ன தொடர்பு என்று எங்கள் நிறுவனம் யாரிடமும் சொல்லவில்லை. 2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் வதிவிடப் பாடசாலைகளுக்காக மன்னிப்புக் கேட்டது மூடிக் கிடக்கிற நடுக் கட்டடத்துச் சபையில். அந்த மன்னிப்பை நினைவுகூர மெட்டி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ஓவியர் கிறிஸ்டி பெல்கோர்ட் வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னலும் அதே கட்டடத்தில்தான் 2012-இல் பொருத்தப்பட்டது. சாரங்களைப் பார்த்தபடி வெளியே நின்று இதை எங்கள் ஆசிரியைதான் சொன்னார், கைபேசியில் இருந்த படத்தைக் காட்டி. பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே, வெலிங்டன் தெருவில், பழைய அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது. அதைப் பூர்வகுடிகளுக்கான இடமாக ஆக்கப்போவதாக 2017-இல் அறிவித்தார்கள். அதன் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போனோம். நிரலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. பூர்வகுடிகளுக்கென்று ஒரே துறையாக இருந்ததை 2017-இல் இரண்டாகப் பிரிக்கப்போவதாக அறிவித்தார்கள். முடியாட்சிக்கும் பூர்வகுடிகளுக்கும் உள்ள உறவுக்கு ஓர் அமைச்சர், சேவைகளுக்கு ஓர் அமைச்சர். முதல் துறைக்கு 2023 முதல் 2025 வரை அமைச்சராக இருந்தவர் யார் என்று ஆசிரியை கேட்டார். வழிகாட்டி விழித்தார். எங்கள் பிள்ளைகளில் மூவர் ஒரே குரலில் சொன்னார்கள்: ஹரி ஆனந்தசங்கரி. ஸ்காபரோவில் தேர்தல் காலத்தில் வீட்டுக்கு வீடு அவர் பெயர்ப்பலகைதானே நிற்கும்! ஈழத்தில் பிறந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நில உரிமைப் பேச்சு நடத்தினார் என்பதை வைத்து எங்கள் பிள்ளைகளோடு எவ்வளவோ பேசியிருக்கலாம். எங்கள் பிள்ளைகள் பெருமைப்பட மட்டுமா, கேள்வி கேட்கவும்தான்.

செனட் சபை இப்போது பழைய ரயில் நிலையத்தில் இருக்கிறது. நாங்கள் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இந்தியர் சட்டத்தின் கீழ் பதிவாகித் தகுதிநிலை பெற்ற பூர்வகுடிகளில் முதல் செனட்டராக ஜேம்ஸ் கிளாட்ஸ்டோன் என்பவர் 1958-இல் ஆனார். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தத் தகுதிநிலையைத் துறக்காமலே கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க உரிமை கிடைத்தது 1960-இல். இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்தால் ஒரு வகுப்பே நடத்தலாம்.

உச்ச நீதிமன்றம் எனக்குப் பிடித்தது. சுற்றிக் காட்டிய இளம் பெண் ஹைடா மக்களின் 2004-ஆம் ஆண்டு வழக்கை எடுத்துச் சொன்னார். நில உரிமை இன்னும் நிரூபிக்கப்படாமல் இருந்தாலும், மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் முன் அரசு அந்த மக்களோடு கலந்து பேச வேண்டும் என்ற தீர்ப்பு. "பேசியபின் அவர்கள் வேண்டாம் என்றால்?" என்று கேட்டான் முன்னர் என் சட்டையைப் பிடித்துக்கொண்ட பையன். தடுக்கும் அதிகாரம் கிடையாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார் அவர். "அப்படியென்றால் எதற்குக் கேட்கிறார்கள்?" இதற்கு அவர் அவசரப்பட்டு எதையும் சொல்லாமல், மனம் திறந்து கேட்கவில்லை என்று கண்டால் நீதிமன்றம் அனுமதியை ரத்துச் செய்யலாம், செய்தும் இருக்கிறது என்று விளக்கினார். ஒட்டாவாவில் நான் கேட்ட மிக நேர்மையான உரையாடல் அதுதான்.

இப்போது பீச்வுட் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். கடைசி நாள் காலை, பஸ் திரும்பக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம் இடைவெளி இருந்தது. அதை நிரப்ப நிறுவனம் போட்டிருந்த இடம் அது, நாற்பத்தைந்து நிமிடம். கல்லறைக்குப் போகிறோம் என்றதும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். ஆசிரியை மட்டும் ஒரு கட்டுத் தாள்களுடன் இறங்கினார்.

ஒரு கல்லறை, டாக்டர் பீட்டர் பிரைஸ் உடையது. பூர்வகுடி விவகாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி. 1907-இல் மேற்கு மாகாணங்களின் வதிவிடப் பாடசாலைகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். காசநோய், காற்றில்லாத படுக்கையறைகள், நோயாளிப் பிள்ளைகளும் நலமான பிள்ளைகளும் ஒன்றாக. அவர் கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பிய 15 பாடசாலைகளில் சேர்ந்த 1,537 பிள்ளைகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் இறந்துபோயிருந்தார்கள். அவர் கேட்ட மாற்றங்கள் நடக்கவில்லை. அவருடைய ஆண்டறிக்கைகளே இனி வேண்டாம் என்றார்கள். பணியை விட்டு அனுப்பப்பட்ட பிறகு, 1922-இல், நடந்ததைத் தேசியக் குற்றம் என்றே பெயரிட்டுச் சிறு நூலாக வெளியிட்டார்.

அதே தோட்டத்தில் இன்னொரு கல்லறை, டங்கன் கேம்ப்பெல் ஸ்காட் உடையது. 1913 முதல் 1932 வரை அந்தத் துறையின் தலைமை அதிகாரி. பிள்ளைகளை வதிவிடப் பாடசாலைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கிய 1920-இன் சட்டத் திருத்தம் அவர் காலத்தில் வந்தது. பிரைஸின் அறிக்கைகளை ஓரங்கட்டியவரும் இவர்தான். அதோடு கனடாவில் கொண்டாடப்பட்ட கவிஞர். நெடுங்காலம் இங்கே இருந்த அறிவிப்பு அவருடைய கவிதையைத்தான் பேசியது. வதிவிடப் பாடசாலைகளில் அவர் பங்கைச் சொல்கிற அறிவிப்பு 2015-இல்தான் வந்தது.

ஆசிரியை கொடுத்த தாள்களில் ஒன்றைத்தான் நான் நெடுநேரம் பார்த்தேன். 1892 முதல் அரசு இந்தப் பாடசாலைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தது. எத்தனை பிள்ளைகள் பட்டியலில் இருக்கிறார்களோ அத்தனை காசு. தலைக்குக் கொடுக்கிற தொகை செலவுக்குப் போதாது. எண்ணிக்கையைத் தக்கவைக்க நோயுற்ற பிள்ளைகளையும் சேர்த்தார்கள், வீட்டுக்கு அனுப்பவும் தயங்கினார்கள். பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் ஒரு தொகை வரும் என்பது என் அன்றாட வேலை. அந்தக் கணக்கு எப்படி ஓடியிருக்கும், எந்த மேசையில் எந்தக் கோப்பு எத்தனை நாள் கிடந்திருக்கும் என்று எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. செங்கோலைக் காட்டி விளக்க முடியாத அரசாங்கம் இதுதான்: ஓர் அதிகாரி எழுதுகிறார், இன்னோர் அதிகாரி செலவாகும் என்று ஒதுக்குகிறார்.

என் மகனின் நண்பன் இரண்டு கல்லறைகளுக்கும் நடுவில் நடந்து பார்த்துவிட்டு, "இவர்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர்களா?" என்று கேட்டான். ஒரே துறைதான். ஆசிரியை உடனே இன்னொரு தாளை எடுத்தார். பூர்வகுடிப் பிள்ளைகளின் நலனுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டாக்கின் அமைப்பு பூர்வகுடிப் பேரவையோடு சேர்ந்து 2007-இல் மனித உரிமை முறையீடு செய்தது. பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலங்களில் வாழும் பிள்ளைகளின் நலனுக்கு அரசு குறைவாகப் பணம் கொடுப்பது பாகுபாடு என்று 2016-இல் தீர்ப்பு வந்தது. 23 பில்லியன் டாலருக்கும் மேலான இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் 2023-இல் ஏற்றது. 1892-இன் தலைக்கணக்கும் இதுவும் ஒரே நூலின் இரண்டு முனைகள் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது, யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் சுளித்தவர்களை பஸ்ஸுக்குத் திரும்பக் கூப்பிடுவதே பெரும்பாடாகிவிட்டது.

பிள்ளையை அனுப்ப நினைக்கிற பெற்றோர் பள்ளியிடம் கேட்க வேண்டியவை சில. போர்வைப் பயிற்சியை நடத்துவது யார், பூர்வகுடியினர்தானா, முடிந்தபின் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா? போகும் முன் வகுப்பில் என்ன படித்துக்கொண்டு போகிறார்கள்? எங்கள் ஆசிரியை இல்லாவிட்டால் இது டியூலிப் பார்க்கப் போன பயணமாகவே முடிந்திருக்கும். ஒட்டாவாவுக்குக் காசு கட்ட வசதிப்படாதவர்கள் மனம் குன்ற வேண்டாம். பிராண்ட்ஃபோர்டில் மோஹாக் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, 1970 வரை வதிவிடப் பாடசாலையாக இயங்கிய கட்டடம், இப்போது அருங்காட்சியகம். ஸ்காபரோவில் இருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாம். உண்மையில் அங்கே முதலில் போய்விட்டு ஒட்டாவாவுக்குப் போவதே சரியான வரிசை என்று எனக்குப் படுகிறது.

நிறுவனம் அனுப்பிய கருத்துப் படிவத்தில் இவற்றை எல்லாம் எழுதினேன். பீச்வுட்டுக்கு அரை நாள் கொடுங்கள், வினாத்தாளைக் குப்பையில் போடுங்கள், பஸ்ஸில் படம் வேண்டாம் என்றேன். நன்றி தெரிவித்து அழகான பதில் வந்தது. அடுத்த ஆண்டுக்கான திட்டமும் இப்போது வந்திருக்கிறது. கல்லறைத் தோட்டம் அதில் "விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற பகுதிக்குப் போயிருக்கிறது, தனிக் கட்டணத்துடன். நீச்சல் குளம் கட்டணத்தில் அடக்கம்.